மாதா குளத்துத் தண்ணீரும் ஒரு கள்ளியும்

வில்லியனூர்ப் பக்கம் மொட்டைமாடி முழுக்கக் கள்ளி வளர்ப்பவர் தனிஸ்லாஸ். பகலெல்லாம் சேதராப்பட்டில் ஷிஃப்ட் வேலை. மிச்ச நேரத்தில், மழைக்குக் குறைவில்லாத ஊரில், ஈரமே ஆகாத செடிகளைக் காப்பாற்றும் வேலை. இரண்டாவதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

முப்பது தொட்டிகளில் ஒன்றின் மேல்தான் அவருக்கு உயிர். எலுமிச்சை அளவு உருண்டை, பஞ்சு போல வெள்ளை முள். விதை போட்டு ஆறு வருடமாகி, இந்த மாசியில்தான் உச்சியைச் சுற்றி முதல் மொட்டுகள் வந்திருந்தன. சனிக்கிழமை மலர்க் கண்காட்சி, பெயர் கொடுத்தாயிற்று.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தவர் வழக்கம்போல் செடியின் அடியை விரலால் அழுத்திப் பார்த்தார். கனிந்த தக்காளி போல் அமுங்கியது.

“அன்னா, இதுக்கு இன்னா ஊத்தின?”

மனைவி அன்னாமேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “மாதா கோயில் குளத்துத் தண்ணிதாங்க. மூணு நாளா, ஒரு அருள்நிறை ஜெபம் சொல்லி ஒரு டம்ளர். உங்க பிரைசுக்குத்தான் வேண்டிக்கினேன்.”

“ஒரு டம்ளரா?”

“நேத்து மட்டும் ரெண்டு. மத்த செடிங்களுக்கு ஊத்துனனா? இல்லியே.”

உண்மைதான். மற்ற இருபத்தொன்பதும் வேண்டுதல் இல்லாமல் நலமாக இருந்தன.

விட்டுவைத்தால் சனிக்கிழமை வரை மொட்டு நிற்கும், பரிசுகூட வரலாம். ஆனால் அதற்குள் அழுகல் உச்சிக்கு ஏறி, செடி பிழைக்காது. அழுகிய அடியை இப்போதே அறுத்தால் செடி பிழைக்கலாம்; ஆனால் வேரில்லாததைக் கண்காட்சியில் சேர்க்க மாட்டார்கள்.

தனிஸ்லாஸ் புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தார். அடியிலிருந்து ஒரு வில்லை அறுத்தார். நடுவில் பழுப்பு. மறுபடி துடைத்து, இன்னொரு வில்லை. பழுப்பு. மூன்றாவதிலும்.

“போதுங்க, மொட்டு போயிடும்.”

“பேசாத இரு.”

நான்காவதில் உளுந்தளவு புள்ளி. இன்னொன்று அறுத்தால் கையில் மிஞ்சுவது மொட்டும் அதைத் தாங்கும் தோலுந்தான். அன்னாமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அறுத்தார்.

சதை வெள்ளரிப் பிஞ்சு போல் சுத்தமாக இருந்தது.

மிஞ்சியதைக் காலி டம்ளரின் வாயில் காற்றாட உட்காரவைத்தார். வெட்டுவாய் காயும்வரை பத்து நாள் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை.

சனிக்கிழமை மதியம், கண்காட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், டம்ளர் மேலேயே நான்கு ரோஸ் நிறப் பூக்கள் விரிந்தன.

“மாதா கைவிடல பாத்தீங்களா?”

“பிளேடும் கைவிடல.”

குளத்துத் தண்ணீர் பிடித்துவந்த பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. அன்னாமேரி செடியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். “குனிங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது.”

தனிஸ்லாஸ் டம்ளரைக் கைக்கெட்டாத தூரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, தலையைக் குனிந்து கொடுத்தார்.