கற்பூரம் பட்ட கயிறு

மலையேறுகிறவர்கள் மலையைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவர்கள் பேசுவதெல்லாம் காலில் மாட்டுவதையும் இடுப்பில் கட்டுவதையும் பற்றித்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மூன்று பேர் ஞாயிறு தவறாமல் கூடினோம். ஏறிய நேரத்தைவிடப் பேசிய நேரம்தான் அதிகம். எனக்கோ பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊரும்.

நாமக்கல்லிலிருந்து சங்ககிரிப் பக்கம் போகும்போது, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரடு, மொட்டையான சின்னக் குன்று, இருந்தது. அதன் கிழக்கு முகம் முழுக்க ஒரே பாறை. நடுவில் மேலிருந்து கீழ்வரை கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. பாதி உயரத்தில் பாறை வெளியே பிதுங்கி நிற்கும். அதற்குத் தொந்தி என்று பெயர் வைத்திருந்தோம். தொந்திக்குக் கீழே வரை எல்லோரும் போய்விடுவோம். அதைத் தாண்டியவர் எங்களில் யாரும் இல்லை.

எனக்கு நாமக்கல்லில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற அப்பாவின் ரீட்ரேடிங் பட்டறை. இன்னொருவன் குமாரபாளையத்துத் தறிக்காரக் குடும்பம், கல்லூரியில் என்னோடு என்சிசியில் இருந்தவன். பாறையேற்றம் என்று ஒன்று உண்டு என்பதை இருவரும் ஒரு என்சிசி முகாமில்தான் தெரிந்துகொண்டோம். மூன்றாமவர் மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர், எங்களைவிட மூத்தவர். வடக்கே போய் முறையாகப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். அவரை அண்ணா என்போம். எங்களிடம் இருந்த ஒரே அசல் மலையேற்றக் கயிறு அவருடையது.

சண்டை செருப்பில் தொடங்கும். அண்ணா கனமான தோல் பூட்ஸ்தான் வேண்டும் என்பார். தறிக்காரன் வெறுங்கால் கட்சி. தறியில் மிதிபலகை மிதித்த காலுக்குப் பாறை என்ன பெரிசு என்பது அவன் வாதம். நான் கேன்வாஸ் ஷூவின் அடியைப் பிய்த்துவிட்டு, பட்டறை ரப்பரை ஒட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஏனுங் தம்பி, மலையேற வந்தீங்களா, லாரிக்கு ஸ்டெப்னி மாட்ட வந்தீங்களா?" என்று அண்ணா என் காலைப் பார்த்துச் சிரிப்பார்.

"உங்க பூட்ஸ் பனிக்குச் சரிங்ணா. இங்க பாறை அடுப்புக்கல்லாட்டம் காயுது. ரப்பருதான் புடிக்கும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். ரெண்டு பேரும் இப்படிப் பேசிட்டே இருங்க, வெயில் ஏறட்டும்" என்று தறிக்காரன் தன் இடுப்புப் பட்டையைச் சரிசெய்வான். அது அவனே கைத்தறியில் நெய்தது. பழுப்பு நிறத்தில், நான்கு விரல் அகலத்தில் இருக்கும். அதையும் அண்ணா ஒத்துக்கொள்ளமாட்டார். பருத்தி நனைந்தால் கனக்கும் என்பார். நனைவதற்கு இந்தச் சீமையில் எங்கே மழை பெய்கிறது என்று நான் கேட்பேன். இப்படியே வெயில் ஏறிவிடும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்த வருடம் புரட்டாசியில் போனபோது பாறையில் சிவப்புப் பெயிண்டில் குறிகள் போட்டிருந்தார்கள். கல் உடைக்கக் குத்தகைக்கு விட்டாயிற்று, தீபாவளி கழிந்ததும் வெடி வைக்கிறார்கள் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். ஒரு குறி சரியாகத் தொந்தியின் மேலேயே இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை ஞாயிறும் செருப்பைப் பற்றிப் பேசித் தொலைத்தோமே என்று இருந்தது. தீபாவளிக்குள் தொந்தியைத் தாண்டிவிட வேண்டும், முன்னால் போவது நான்தான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரிதான் திரிந்தேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் மோல்டு, கம்ப்ரசர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மலையேற்றச் சாமான்கள் எங்கள் பட்டறையில்தான் இருக்கும் என்பதால் கொக்கிகள், சுத்தியல், கயிறு எல்லாம் வாழையிலைமேல் ஏறின. அண்ணா வீட்டம்மாவோடு பூஜைக்கு வந்திருந்தார். கடைசியில் பட்டறை ஆள் ஒருவர் பூசணிக்காயின் தலையில் கற்பூரத்தைக் கொளுத்தி ஒவ்வொரு மெஷினுக்கும் சுற்றிக்கொண்டு வந்தார்.

"கயித்துக்கும் ஒரு சுத்து சுத்திருங்க. உசுரு அதுலதான தொங்குது" என்றார் அண்ணா. ஓயாமல் பாதுகாப்பு விதி பேசுகிற மனிதர், அவரே சொன்னார்.

பட்டறை ஆள் சுற்றினார். எரிகிற கற்பூரம் சறுக்கிக் கயிற்றுச் சுருளின்மேல் விழுந்தது. தட்டிவிடுவதற்குள் நைலான் உருகிவிட்டது. புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, அதுவும் கயிற்றின் நட்டநடுவில். என் அம்மா, "சாமி ஏத்துக்கிச்சு, நல்லதுதான்" என்றாள். அண்ணாவின் முகம் செத்துப்போயிருந்தது.

அடுத்த ஞாயிறு பட்டறையிலேயே பஞ்சாயத்து கூடியது. தறிக்காரன் ஊசியால் பொருக்கைக் கிளறி, கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.

"மேலுறைதான் கருகியிருக்குது. உள்ள புரி ஒண்ணுகூட அறல. ஊடு நல்லாத்தான் இருக்குது, வாசப்படிதான் வெந்துபோச்சு."

"நெருப்புப் பட்ட கயித்தத் தொடக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க" என்றார் அண்ணா.

இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "பேசிட்டே இருந்தா ஆவுமுங்களா? இழுத்துப் பாத்தாத் தெரிஞ்சுபோவுது" என்று கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டப் புதுக் கயிறு வாங்கினால் அப்படியே கட்டமாட்டார்கள். நனைத்து, ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை லாரியிலும் கட்டி, இழுக்க இழுக்க நீள்கிற அந்த இழுவை முழுவதும் போகும்வரை இழுப்பார்கள். நீள்கிற கயிறு பாரத்தை நழுவவிட்டுவிடும். நீட்டம் செத்த கயிறுதான் நல்ல கயிறு. நான் அந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்.

பட்டறை முன்னால் நின்ற புளியமரத்துக் கிளையில் கயிற்றைக் கட்டினோம். மறுமுனையில் ஒரு லாரிச் சக்கரம், டிஸ்க்கோடு. சக்கரத்தை மேலே தூக்கிக் கீழே விட்டோம். தடாலென்று வந்து நின்றது. கயிறு தாங்கியது. ரீட்ரேடிங்குக்கு வந்திருந்த டிரைவர்கள் கூடிவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்கிப் போடுங்க!"

"இதெல்லாம் பத்தாதுங்க. வண்டியில கட்டி இழுங்க, அப்பத்தான் உண்மை தெரியும்."

மேலே தூக்கித் தூக்கிப் போட்டோம். பிறகு அந்தக் கயிற்றைக் கட்டி ஒரு லாரி இன்னொரு லாரியை இழுத்தது. கயிறு முறுக்கேறி முனகியது, ஆனால் அறவில்லை. நான் குதித்தேன். தறிக்காரன் விசிலடித்தான். அண்ணாவும் கைதட்டினார், அதை என் கண்ணால் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் கயிற்றைக் கையில் எடுத்தார். முழம் முழமாகத் தடவிக்கொண்டே வந்தார். விரல்கள் நின்றுவிட்டன.

"வெறைச்சுப்போச்சு" என்றார். "தம்பி, இது பாரங் கட்டுற கயிறு இல்லீங். ஆளு உழுந்தா நீண்டு குடுத்து வாங்கிக்கணும். அந்த நீட்டந்தான் இதுல உசுரு. அத்தனையும் அந்தச் சக்கரத்துக்குக் குடுத்துட்டோம்."

 கற்பூரம் தின்றது ஒரு பொட்டு, மிச்சத்தை நாங்கள் தின்றுவிட்டோம். வேறு கயிறு வரவழைக்க எங்களுக்கு நாளும் இல்லை, வழியும் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அந்தக் கயிற்றையே தோளில் போட்டுக்கொண்டு கரட்டுக்குப் போனேன். விழாவிட்டால் எந்தக் கயிறானால் என்ன என்பது என் கணக்கு. தறிக்காரன் அரை மனதாகக் கூட வந்தான். அண்ணா எங்களுக்கு முன்பே வந்து பாறையடியில் உட்கார்ந்திருந்தார்.

"அதக் குடுங்க" என்றார். பார்க்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். மடியிலிருந்து கத்தியை எடுத்து, கறுப்புப் பொட்டு இருந்த இடத்தில் அறுத்தார். அதோடு நிற்கவில்லை, மறுபடி மறுபடி அறுத்தார். வடக்கேயிருந்து குழந்தையைச் சுமப்பதுபோல் மார்போடு அணைத்துக் கொண்டுவந்த கயிறு, யார் மிதித்தாலும் கத்துவாரே, அந்தக் கயிறு.

எனக்குக் கண் இருண்டுவிட்டது. என்னென்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. திரும்பி, வெடிப்பில் கையை விட்டு ஏறத் தொடங்கினேன். கயிறில்லை, கொக்கியில்லை, காலில் பட்டறை ரப்பர் மட்டும்.

கோபம் தொந்திவரை கொண்டுபோய்விட்டது. அங்கே வெடிப்பு குறுகி விரல்நுனிதான் நுழையும். சிவப்புக் குறி தலைக்குமேல் எட்டுகிற தூரத்தில் இருந்தது. எட்டினேன். விரல் பெயிண்டில் பட்டது, பிடி கிடைக்கவில்லை. மறுபடி எட்டினேன், விரல் வழுக்கியது. கீழே பார்த்தேன். இருவரும் அண்ணாந்து நின்றார்கள். எதற்கெடுத்தாலும் ஆளுக்கொரு யோசனை சொல்கிற இரண்டு வாயும் மூடியிருந்தன. அந்த அமைதியில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. சாகப் பிடிக்கவில்லை என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

"எடது காலு" என்றது தறிக்காரன் குரல், அவசரமே இல்லாமல். "கொஞ்சங் கீழ ஒரு மேடு இருக்குது. எடது கால எறக்கு. பொறுமையா."

"கைய மாத்தாதீங்க தம்பி" என்றார் அண்ணா. "மொதல்ல காலு. ம். இப்பக் கையி."

அப்படியே இருவரும் பேசிப் பேசி என்னைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு இடத்தில்கூட ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவில்லை.

அண்ணா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, என் ஷூவின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். 

"ரப்பரு நல்லாத்தான் புடிக்குதுங் தம்பி" என்றார்.

நான் அழுதுவிட்டேன்.

தீபாவளி கழிந்து வெடி வைத்தார்கள். தொந்தி முதலில் போயிற்று, அதற்கப்புறம் அந்த முகம் முழுவதும். பாளம் பாளமாக லாரியில் ஏற்றிப் போனார்கள். அதில் சில லாரிகளுக்கு டயர் போட்டதே நாங்கள்தான். அறுத்து இழைத்து வீட்டுத் தரைக்குப் போடுகிறார்கள் என்று ஒரு டிரைவர் சொன்னார். நான் எட்டியும் பிடி கிடைக்காத அந்த மேல்பாதி இப்போது ஏதோ ஊரில் யார் வீட்டுக் கூடத்திலோ கிடக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அதன்மேல் யாரோ நடந்துகொண்டிருப்பார்கள்.