சிறகுக்காரனுக்கு என் குரல்

ஆறு வருஷம் நான் சிறகு முளைத்த ஒரு வீரனாக இருந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் லிங்கராஜபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அவன் கார்ட்டூன் வீரன். முதலில் பொம்மையாகக் கடைக்கு வந்து, பொம்மை நன்றாக விற்றதால் டிவிக்கும் வந்தவன். முதுகில் இரண்டு நீலச் சிறகு, கையில் குட்டையான ஒரு ஈட்டி, வயது எத்தனை என்று யாருக்கும் தெரியாத முகம். அவனுடைய நிஜப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் சிறகுக்காரன்.

இந்தப் பையன்களுக்கெல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான் குரல் கொடுப்போம் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சர்ச்சில் நான் பைபிள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அங்கே வரும் ஒரு ஒலிப்பதிவாளர் ஒருநாள் வாசலில் நிறுத்தினார். "டீச்சர், ஒரு சத்தம் போட்டுக் காட்டுங்க. மலை மேல இருந்து கூப்பிடற மாதிரி." சுற்றிலும் ஆட்கள் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டுக் கத்தினேன். நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்தார்.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்தது ஸ்டுடியோ. சுவரெல்லாம் பஞ்சு. வசனம் பேசுவது பெரிய வேலை இல்லை. பறப்பதும் விழுவதும்தான் வேலை. வாலில் நெருப்பு வைத்த மிருகத்தோடு அவன் சண்டை போடுவான், அடி வாங்குவான், தரையைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது சிறகை விரிப்பான். அப்போது "வானம் என் பக்கம்!" என்று கத்த வேண்டும். அடிவயிற்றிலிருந்து. முதல் நாள் கத்தி முடித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டிலோ வகுப்பிலோ யாரும் என்னை அப்படிக் கத்தச் சொன்னதில்லை.

என் மகள் அந்தக் குரலிலேயே வளர்ந்தாள். மூன்று வயதில் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் நான் சிறகுக்காரனாகக் கூப்பிடுவேன், ஓடிவந்து வாயைத் திறப்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு என்றார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கண் விழித்து நான் முதலில் கேட்டது தண்ணீர். என் வீட்டுக்காரர் குனிந்து, "என்ன?" என்றார். மறுபடி கேட்டேன். "என்னம்மா?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, வெளியே வந்தது வெறும் காற்று.

கட்டி நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். "ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையல. ஆறு மாசம் பாக்கலாம். சில பேருக்குத் தானா திரும்பி வரும்," என்றார் டாக்டர். ஆறு மாதமும் பயிற்சி செய்தேன். காலையில் சுவரைத் தள்ளிக்கொண்டு "ஆ" சொல்ல வேண்டும். சுவர் அப்படியே இருந்தது. நானும் அப்படியே இருந்தேன். ஏழாவது மாதம் டாக்டர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் ஊசி போட்டால் பேச்சு கொஞ்சம் தெளிவாகும் என்றார். பழைய குரல்? "அத எதிர்பாக்காதீங்க." ஊசி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளியில் என்னை நோட்டுத் திருத்தும் வேலைக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் நிறுத்தச் சொன்னால் யாருக்கும் கேட்காது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கும்போது கண்டக்டர், "மொதலே ஹேளபாரதா?" என்று கன்னடத்தில் எரிந்து விழுவார். முதலிலேயே சொன்னேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் கை தட்டிக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு தட்டு மகளுக்கு, இரண்டு தட்டு வீட்டுக்காரருக்கு. சில நாள் நான் எதற்குத் தட்டினேன் என்பதே எனக்கு மறந்துபோகும், அவ்வளவு நேரம் கழித்து வருவார்கள்.

பிறகு ஒலிப்பதிவாளர் வீட்டுக்கு வந்தார். சிறகுக்காரனின் புதுத் தொடர் வரப்போகிறது. என் பழைய பதிவுகளை மெஷினுக்குக் கொடுத்தால் அதுவே என் குரலில் பேசிவிடும், கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார். காப்பியைக் குடிக்காமல் ஆற வைத்துக்கொண்டே சொன்னார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"குரலாவது இருக்கட்டுமே," என்றார் அவர்.

அவர் அதை ஆசையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஏதோ செத்த வீட்டில் போட்டோ மாட்டுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. போட்டேன் கையெழுத்து.

ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார்கள். ஹெட்போனை மாட்டினேன். சிறகுக்காரன் பேசினான். நான் பேசாத வசனங்களை, நான் எங்கே இழுப்பேனோ அங்கே இழுத்து, எங்கே முறிப்பேனோ அங்கே முறித்துப் பேசினான். உடம்பெல்லாம் கூசியது. நன்றாக இருக்கிறது என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன்.

"ஒண்ணுதான் டீச்சர் வரல," என்றார் ஒலிப்பதிவாளர். "விழுந்து எந்திரிச்சு மூச்சு வாங்குவீங்கல்ல, அது மெஷினுக்குச் சரியா வர மாட்டேங்குது. மூச்சு மட்டும் குடுங்களேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை. இத்தனை நாள் கழித்து ஒருவர் என்னிடம் இருக்கிற ஒன்றைக் கேட்கிறார் என்றுதான் தோன்றியது. மைக் முன்னால் நின்றேன். திரையில் ஒரு சிறகு எரிந்து அவன் விழுந்துகொண்டிருந்தான். விழுந்து, முழங்காலில் நின்று, தலையைத் தொங்கப்போட்டான். நான் மூச்சு வாங்கினேன். எட்டு இடத்தில் வாங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டைவிரலை உயர்த்தினார். அன்று ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

நான்காவது வாரம் போன் வந்தது. அவரே பேசினார். "வர வேணாம் டீச்சர். நீங்க குடுத்ததுல இருந்து மூச்சையும் அது கத்துக்கிச்சு." "சாரி டீச்சர்," என்றார். நான் ஏதோ சொன்னேன். போனில் என் பேச்சு யாருக்கும் கேட்பதில்லை. "ஹலோ? ஹலோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

புதுத் தொடர் ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. நான் குக்கருக்குப் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று மகள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா! உனக்கு வாய்ஸ் வந்துடுச்சு! டிவில வந்துடுச்சு!"

என் கையைப் பிடித்து இழுத்தாள். "பேசும்மா. என்னைக் கூப்பிடு."

ஸ்டுடியோவுக்குப் போய் வந்ததெல்லாம் வைத்தியம் என்று நினைத்திருக்கிறாள். நாங்களும் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் குனிந்து அவள் பெயரைச் சொன்னேன். காற்று வந்தது. அவள் காத்திருந்தாள். இன்னும் பலமாகச் சொன்னேன், கழுத்து நரம்பு புடைக்க. உள்ளே டிவியில் அவன் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. மகளுக்கு உதடு பிதுங்கியது. வீட்டுக்காரர் வந்து டிவியை அணைத்தார். "அணைக்காதீங்க" என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அவளுக்கு இப்போது ஏழு வயது முடிந்துவிட்டது. போன வாரம் எதிர் வீட்டுச் சிறுமி விளையாட வந்தாள். எங்கள் ஷெல்ஃபில் இருந்த சிறகுக்காரன் பொம்மையை எடுத்து, "உங்கம்மாதான் இவன் வாய்ஸாமே, எங்கம்மா சொன்னாங்க," என்றாள்.

"சும்மா சொல்லாத," என்றாள் என் மகள். "எங்கம்மா எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்க."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். அவளுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. நான் கதவருகே நின்றிருந்தேன். இருவரும் பொம்மையின் முதுகிலிருந்த பித்தானை அழுத்திச் சிறகை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திருத்தக் கொண்டுவந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.