சைக்கிள் நுழையும் அளவு

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, அவரவர் தெருவில் உள்ள ஏழு சாலை ஆபத்துகளை எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள்.
2. எனக்கு ஆறுதான் கிடைத்தன. ஏழாவதாக, பெரிய சாலையின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியை எழுதினேன்.
3. பெரியப்பா கையெழுத்துப் போட்டார்.
4. ஏழில் ஒன்றை மட்டும் சரிசெய்தார்கள். அது ஏழாவது.
5. அதற்கடுத்த மூன்றாவது சனிக்கிழமை மதியம், பெரியப்பாவின் சைக்கிள் மீது லாரி ஏறியது.

இப்படி எழுதினால் ஒன்றிலிருந்து அடுத்தது தானாகவே வந்ததுபோலத் தெரிகிறது. அப்படி வரவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெரியப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன்.

கோயம்புத்தூரின் தெற்கு ஓரத்தில், பொள்ளாச்சிக்குப் போகும் வண்டிகளும் அங்கிருந்து வரும் வண்டிகளும் ஓயாத ஒரு சாலையை ஒட்டி எங்கள் தெரு. பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள், நடுவில் ஒரு சுவர். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சாலையை அகலப்படுத்தி, நடுவே மண் திட்டுப் போட்டு, திட்டின் இரண்டு ஓரமும் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுக் கட்டைகளை வரிசையாக வைத்தார்கள். அன்றிலிருந்து எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் முக்கால் கிலோமீட்டர் போய் யூ-டர்ன் எடுத்து, முக்கால் கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். காரில் போகிறவர்களுக்கு அது ஒரு பாட்டு முடிவதற்குள் போய்வருகிற தூரம்.

ஆனால் மாரியம்மன் கோயில் எதிர்ப்பக்கம் இருந்தது. தீர்த்தக்குடம் எடுக்கிற கிணறு எங்கள் பக்கம் இருந்தது. அம்மனை யூ-டர்ன் எடுத்து வரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லாததால், நோம்பி என்கிற கோயில் திருவிழா நாளில் மட்டும் ஓரத்துக்கு இரண்டாக நான்கு கட்டைகளை நகர்த்திக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். தெரு ஆண்கள் கடப்பாரை போட்டு நகர்த்துவார்கள். நோம்பி முடிந்ததும் அவர்களே திரும்ப வைப்பார்கள். வைக்கும்போது கட்டைகள் முழுசாக ஒட்டாது. ஒட்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வேலைக்குப் பெரியப்பாதான் தலைமை. அவர் எதிர்ப்பக்கத்து லேத் பட்டறையில் டர்னர். பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைகிறவர். தன் சைக்கிளைக் கட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பெடல்களின் முனையிலும் விரல் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நூல் தள்ளுங்க. ம், போதும், போதும். அதுக்கு மேல தள்ளுனா புல்லட்காரன் பூந்துருவான்" என்பார். அவர் வைத்த இடைவெளியில் சைக்கிள் நுழையும். மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் இடிக்கும். பாதிச் சாலையைக் கடந்து, திட்டின் மேல் சைக்கிளோடு நின்று மூச்சு வாங்கி, மறுபாதியைப் பார்த்துக் கடக்கலாம். காலையில் பள்ளிக்கு நானும் அப்படித்தான் போனேன். முன்னால் அவர் சைக்கிள், பின்னால் என் சைக்கிள். மதியம் அவர் அதே வழியாக வீட்டுக்கு வந்து, சூடாகச் சாப்பிட்டு, அதே வழியாகப் பட்டறைக்குப் போவார். கட்டிக்கொண்டு போன சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

இப்போது எனக்கு வேலை சாலை வரைபடம் போடுவது. அந்த இடைவெளியைப் போன்ற ஒன்றை வரைபடத்தில் கொண்டுவர நான்கு கூட்டங்களில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்போது எனக்கு அது, வைக்கத் தெரியாமல் வைத்த கட்டை.

வகுப்பில் கொடுத்த தாளில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டுக் கோடு அச்சிட்டிருந்தார்கள். எனக்கு வெறும் கோடு பிடிக்காது. எரியாத தெருவிளக்கு, உடைந்த சாக்கடை மூடி, ரேஷன் கடை முன்னால் வேகத்தடை இல்லாதது, பஸ் நிற்குமிடத்தில் அழிந்துபோன வெள்ளைக் கோடு, பெயர்ப் பலகையை மறைக்கிற மரக்கிளை என்று ஐந்து வந்தன. ஆறாவதாக, தெரு முனையில் யாரோ கொட்டிவைத்த, சைக்கிள்கள் சறுக்கிவிழும் மணல் என்று எழுதினேன். யாரோ அல்ல. மாடியில் ஒரு அறை கட்டுவதற்காக அப்பா கொட்டியது.

கையெழுத்துக்கு நீட்டினேன். அப்பா ஆறாவதில் நின்றார்.

"என்ற மணலையே எழுதுனியா நீ? ஊரு பூராவும் மணல் கெடக்குது, உனக்கு நம்ம மணல்தான் கண்ணுல பட்டுதா? அழிச்சுட்டு வா, போடறேன்."

"ரெண்டு பேரு சறுக்கி விழுந்தாங்கப்பா. நான் பாத்தேன்."

"அவனுக பாத்து ஓட்டோணும். அழி."

நான் அழிக்கவில்லை. எங்கள் சத்தம் சுவர் தாண்டிப் போயிற்று. பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பெரியப்பா, கைகளில் ஒட்டிய கிரீஸ் போக மரத்தூளும் சோப்பும் சேர்த்துத் தேய்த்தபடியே எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா முறையிட்டார். பெரியப்பா நின்றபடியே ஆறையும் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உள்ளதத்தானே எழுதியிருக்கறா? உடு தம்பி. உன்ற மணலுன்னு பேரா போட்டிருக்குது? நாளைக்கு ரெண்டு பேரா அள்ளி உள்ள கொட்டிப்போட்டாத் தீந்துது."

"நீங்க வேறண்ணா. இவளுக்கு எடங்குடுத்தா நாளைக்கு உங்களையும் எழுதுவா."

"எழுதட்டுமே. நாங் கையெழுத்துப் போடறேன், கொண்டா அம்மணி."

அப்பா கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சூட்டில்தான் ஏழாவது கோடு காலியாக இருப்பது உறுத்தியது. "இருங்க பெரியப்பா, ஒண்ணு பாக்கி" என்று சொல்லி, அவர் கை கழுவித் துடைப்பதற்குள் எழுதினேன். 'சாலையின் நடுத்தடுப்பில், எங்கள் தெருவுக்கு நேராக, விதிக்கு மாறான இடைவெளி உள்ளது. அதை அடைக்க வேண்டும்.'

அவர் படித்தார். இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, இதையும் எழுதோணுமா?"

"ஏழு வேணும் பெரியப்பா. ஆறுன்னா மார்க் கொறைப்பாங்க."

"செரி, அதுல போறவங்க எப்படிப் போவாங்க?"

"யூ-டர்ன்ல. அதான் ரூல்."

அவர் என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். பிறகு, "கையெழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்குது" என்று சொல்லிவிட்டு, தாளில் ஈரம் படாமல் முழங்கையை ஊன்றி, தன் முழுப் பெயரையும் எழுதினார்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வேண்டாம் என்பதை நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். விருந்துக்கு வந்தவரிடமும் சரி, வீட்டுக் குழந்தையிடமும் சரி, வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்ட விதத்திலிருந்து எதிராளி புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அப்போது கேள்வி என்றால் பதில் எழுத வேண்டியது. அதோடு, ஐந்து நிமிடம் முன்னால்தான் அவர் உள்ளதை எழுதட்டும் என்று தன் தம்பியிடம் எனக்காக வாதாடியிருந்தார். தம்பியின் மணலுக்கு ஒரு நியாயம், தன் சைக்கிளுக்கு வேறு நியாயம் என்று பேச அவரால் முடிந்திருக்காது.

பள்ளி எல்லாத் தாள்களையும் சேர்த்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பியது. ஒரு வாரத்தில், பள்ளி விடுமுறை நாளொன்றின் மதியம், ஜீப் வந்தது. என் தாள் அதில் வந்த அதிகாரியின் கையில் இருந்ததை எங்கள் காம்பவுண்டு கேட்டில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்குப் பிறகு எதையும் பார்த்ததில்லை. நான்கு பேர் இறங்கி, கடப்பாரையால் கட்டைகளை நெம்பி, ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்கில் சிமெண்டையும் பூசினார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக்கு வந்த பெரியப்பா, எதிர்ப்பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"ஏனுங்க சார், மத்ததெல்லாம் எப்பங்க?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"எதுங்க?"

"வெளக்கு, சாக்கடை மூடி. அந்த லிஸ்டுல இருக்குமுங்களே."

"அதுக்கெல்லாம் எஸ்டிமேட் போடோணுங்க. இதுக்குக் கடப்பாரை போதும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

மறுநாளிலிருந்து என்னைப் பள்ளி வேனில் சேர்த்தார்கள். பெரியப்பா முதல் இரண்டு நாள் சைக்கிளைத் தூக்கிக் கட்டையைத் தாண்டினார். மூன்றாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொள்ள, யூ-டர்ன் சுற்றிப் போக ஆரம்பித்தார். தெருவில் மற்றவர்கள் ஓரமாக எதிர்த்திசையில் வந்து, சற்றுத் தள்ளிக் கட்டைகள் உடைந்து கிடந்த இடத்தில் குறுக்கே புகுந்துபோகப் பழகிக்கொண்டார்கள். பெரியப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர்கள் கூப்பிடுவதை வேன் வரும் நேரத்தில் ஒருநாள் நானே காதால் கேட்டேன். அவர் என்னைக் காட்டி, "சட்டம் பேசற புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு நான் ராங்குல வரலாமுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்தச் சனிக்கிழமை பள்ளி அரை நாள். பட்டறை முதலாளி அப்பாவைப் போனில் கூப்பிட்டார். யூ-டர்னில் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து இளநீர் ஏற்றிவந்த லாரி திரும்பியிருக்கிறது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். அந்த உள்பக்கத்தில்தான் திரும்பக் காத்திருக்கும் சைக்கிள்கள் நிற்கும். வேறெங்கும் நிற்க இடம் கிடையாது. பெரியப்பா உயிரோடிருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இத்தனை வருஷமாகக் கேப்பில் போனவர் அங்கே எதற்குப் போனார்? பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"எவனோ எழுதிப்போட்டானாமா, கேப்பை அடைக்கச் சொல்லி. அவன் கை வெளங்குமா? அவனூட்ல ஒருத்தரு இப்பிடிப் படுத்தாத்தான் தெரியும்."

நான் கட்டில் ஓரத்தில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவது வரியைப் படித்தவர் வீட்டில் ஒரே ஒருவர்தான். அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"எவனும் எழுதல. ஆபீஸ்காரங்களாத்தான் வந்து அடைச்சாங்க. சும்மா இரு."

பெரியம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் வாயெடுத்தேன். "பெரியப்பா, அது" என்பதற்கு மேல் வரவில்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"மார்க்குப் போட்டாங்களா கண்ணு?"

"போட்டாங்க. பத்துக்கு ஒம்பதரை."

"அரை மார்க்கு எங்க போச்சு?"

"மார்ஜின் விடல."

சிரிக்கப் போனவர், கால் வலித்ததால் நிறுத்திக்கொண்டார். "அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். பெரியம்மாவின் வசவிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டுப் பிரித்து அவர் நடக்க ஆரம்பித்ததும் நானே சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்துகொண்டேன். சொல்ல வேண்டியதற்கு நாள் தள்ளத் தள்ள அதன் எடை கூடும் என்பதும், கூடிய எடையில் ஒரு பங்கை அவரும் தினமும் என்னோடு தூக்க வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. பெரியம்மாவின் ஆத்திரம் முகமில்லாத யாரோ ஒருவன் மீதே இருந்துவிடட்டும், வீட்டுக் குழந்தை மீது திரும்ப வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியானால் அவர் காப்பாற்றியது என்னை மட்டுமல்ல.

கட்டுப் பிரித்தார்கள். கால் ஒரு அங்குலம் குறைந்து சேர்ந்திருந்தது. லேத்தில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அவரால் முக்கால் மணி நேரம் நிற்க முடிந்தது.

இப்போதைய நிலவரம் இது. பெரியப்பா அதே பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்கள் கடைந்த ஷாஃப்டுகளை அளந்து பார்த்துக் குறி போடுகிறார். காலையும் மாலையும் முதலாளியின் வேனில் போய்வருகிறார். மதியம் அவரால் வர முடியாததால், பெரியம்மா தூக்குப் பாத்திரத்தில் சூடாகச் சாப்பாடு கொண்டுபோகிறார். அறுபது வயதில் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முதல் கட்டையைத் தாண்டி, திட்டில் நின்று வண்டி பார்த்து, இரண்டாவது கட்டையைத் தாண்டுகிறார். தெருவுக்கு நேராகப் பாதசாரிகளும் சைக்கிள்களும் கடக்க வழி விடக் கேட்டு, வரைபடத்தோடு மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருப்பதாக ஒரு பதில் வந்தது. மனுக்களில் பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டார். அந்த இடைவெளியை அடைக்கச் சொல்லி எழுதியது யார் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.