கஞ்சாச் செடிக்கு ஊத்தின தண்ணி

எங்கடை வீட்டிலை ஒரு கஞ்சாச் செடி நிண்டது எண்டு சொன்னால் இப்பவும் சனம் என்னை ஒரு மாதிரித்தான் பாக்கும். பாக்கட்டும். போதையில்லாத சாதி அது. அந்த நேரம் சுவிஸிலை கடையளிலையே வைச்சு வித்தவங்கள், சட்டமும் விட்டது. வயோதிபர் இல்லத்திலை என்னோடை துப்புரவு வேலை செய்த சுவிஸ்காரி ஒருத்தி, என்ரை மனுசன் கால் உளைவிலையும் சொறியிலையும் நித்திரையில்லாமல் கிடக்கிறார் எண்டு கேட்டுப்போட்டு, "இலையை அவிச்சுக் குடுத்துப் பார்" எண்டு ஒரு சின்னச் செடியைச் சட்டியோடை தந்தவள்.

"அவிச்சுக் குடிக்கிறதோ? நானோ?" எண்டு இவர் சிரிச்சார்.

அதுதான் விசயம். இவருக்கு ரெண்டு கிட்னியும் பழுதாய்ப் போட்டுது. டாவோஸிலை ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவி, வாழ்நாளிலை பாதியைத் தண்ணிக்குள்ளை கைவிட்டுக்கொண்டு நிண்ட மனுசனுக்குக் குடிக்கிற தண்ணிக்கு அளவு வைச்சாச்சு. ஸ்பிட்டாலுக்கு, அதுதான் ஆசுபத்திரிக்கு, கிட்ட இருக்கவேணுமெண்டுதான் கூர் நகரத்துக்கு வீடு மாறினாங்கள். ஒண்டுவிட்ட ஒருநாள் போய் மெசினிலை இரத்தம் சுத்தம் செய்யவேணும். போனவுடனை தராசிலை ஏத்துவினம். களவாய்க் குடிச்சதெல்லாம் அதிலை தெரிஞ்சுபோம். கூடக் குடிச்சால் நெஞ்சிலை நீர் நிண்டு மூச்சு அடைச்சுப்போம் எண்டு டொக்டர் முகத்துக்கு நேரை சொன்னவர்.

காலமை நான் ஒரு சின்னப் போத்திலை நிரப்பி மேசையிலை வைப்பன். அண்டைக்கு அவ்வளவுதான். தேத்தண்ணி, சொதி, குளிசைக்குக் குடிக்கிற தண்ணி எல்லாம் அதுக்குள்ளை அடக்கம். பின்னேரத்துக்கு முன்னமே போத்தில் வெறுமையாகிவிடும். பிறகு நாக்காலை சொண்டை நக்கிக்கொண்டு இருப்பார். நான் தண்ணி குடிக்கிறதெண்டால் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் குடிக்கிறனான். அவருக்கு முன்னாலை ஒரு மிடறு விழுங்க எனக்குத் துணிவில்லை.

அந்த இலையும் இவரின்ரை மருந்துகளோடை சரிவராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எறிவம் எண்டால் இவர் விடேல்லை. "நிக்கட்டும், வீட்டுக்கை ஒரு பச்சை" எண்டு தன்ரை கதிரைக்குப் பக்கத்திலை, யன்னலடியிலை வைச்சுக்கொண்டார்.

எனக்கு வந்தது கரைச்சல். வருத்தக்காரனைப் பாக்கச் சனம் வராமல் இருக்குமோ? பெல் அடிச்சால் காணும், சட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடுவன். ஒருநாள் ஒரு அக்கா குளியலறைக்குப் போய், விரல் விரிச்ச மாதிரி இருந்த இலையைக் கண்டு வந்து, "இந்தக் குளிருக்கை மரவள்ளி வளர்க்கிறியளோ?" எண்டு கேட்டா.

"ஓம் அக்கா, மரவள்ளிதான்" எண்டன், கண்ணும் இமைக்காமல்.

"கிழங்கு விழுந்தால் எனக்கும் ஒரு துண்டு தாங்கோ."

இவர் கதிரையிலை இருந்து இருமுற மாதிரிச் சிரிச்சார். அவர் வடிவாய்ச் சிரிச்சதை அதுக்குப் பிறகு நான் காணேல்லை.

பனிக்காலம் தொடங்க, செடி தலையைத் தொங்கப்போட்டுது. கீழ் இலையெல்லாம் மஞ்சள். மண்ணிலை ஒரு புளிச்ச மணம். சுவிஸ்காரியிட்டைக் கேட்டன். தண்ணி கூடிப்போச்சு, காயவிடு, சட்டியைத் தூக்கிப் பாத்துப் பாரம் குறைஞ்சால்தான் தண்ணி விடு எண்டாள். குளியலறை ஈரம்தான் ஆக்கும் எண்டு நினைச்சு, பிறகு ஆர் வந்தாலும் அதை அங்கை கொண்டுபோகேல்லை. ஒரு சொட்டுத் தண்ணியும் விடேல்லை. ஆனால் எப்ப தூக்கினாலும் சட்டி கல்லு மாதிரிப் பாரம். கோதாரி விழுந்த செடி காத்திலை இருந்து தண்ணி உறிஞ்சுதோ எண்டு கூட யோசிச்சன்.

ஒருநாள் வேலை வெள்ளனவே முடிஞ்சு வந்து கதவைத் திறக்கிறன், இவர் செடியடியிலை குனிஞ்சு நிக்கிறார். கையிலை கோப்பை. மெல்ல மெல்ல ஊத்துறார். காதை மண்ணுக்குக் கிட்ட வைச்சிருக்கிறார்.

"உங்களுக்கென்ன விசரோ! அது அழுகுது எண்டு நாயாய்க் கத்துறன், நீங்கள் ஊத்துறியளோ?"

"நான் குடிக்கேல்லை" எண்டார் உடனை, களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி. "உம்மேலை ஆணை, ஒரு சொட்டும் குடிக்கேல்லை. அதுக்குத்தான் விட்டனான்."

"ஏன்?"

"அது உறிஞ்சேக்கை ஒரு சத்தம் கேக்குது, இஞ்சை பாரும். அதைக் கேட்டால் என்ரை தொண்டை கொஞ்சம் நனையுற மாதிரி இருக்கு. என்னாலைதான் ஏலாது, அதெண்டாலும் குடிக்கட்டன்."

எனக்கு வந்த கோவம் அவரிலையோ, டொக்டரிலையோ, கடவுளிலையோ தெரியாது. கோப்பையைப் பறிச்சு மேசையிலை அடிச்சு வைச்சன். பிறகு நிலத்திலை குந்தியிருந்து ஒப்பாரி வைக்காத குறையாய் அழுதன். அவர் பக்கத்திலை நிண்டு, "சரி, சரி, இனி விடமாட்டன்" எண்டு என்ரை தலையைத் தடவினார்.

அடுத்த நாள் ரெண்டுபேருமாய் அதைக் காப்பாத்தப் பாத்தம். இலவசப் பேப்பரை விரிச்சு, சட்டியைக் கவிழ்த்து எடுத்தால், சட்டியின்ரை அடி ஓட்டையெல்லாம் சேறு அடைச்சுக் கிடந்தது. வெள்ளையாய் இருக்கவேண்டிய வேர் பழுப்பாய் வழுவழுத்துப் போச்சு. அழுகினதை அவர் கத்தரிக்கோலாலை வெட்டினார். மிச்ச வேரைப் பேப்பராலை சுத்தி ஈரத்தை உறிஞ்ச விட்டு, பருமணல் கலந்த காய்ஞ்ச மண் போட்டுச் சின்னச் சட்டியிலை வைச்சம். மேசைக் காத்தாடியைத் தள்ளி வைச்சு மெதுவாய் ஓட விட்டன். பிறகு தண்ணி விடுறது அவர் பொறுப்பு. விரலை மண்ணுக்குள்ளை விட்டுப் பாப்பார், சட்டியைத் தூக்கிப் பாப்பார், "இண்டைக்கு இல்லை" எண்டுவார். தனக்கு இல்லாத பொறுமை செடிக்கெண்டால் அவரிட்டை இருந்தது.

நெடுநாள் ஒரு அசுமாத்தமும் இல்லை, ஒரு துளிரும் இல்லை. பிறகு ஒருநாள் காலமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உச்சியிலை நகக்கண் அளவிலை ஒரு பச்சைக் குருத்து.

செடி தப்பிச்சுது. அவரின்ரை நெஞ்சு தப்பேல்லை. பனி கரைய முன்னம் ஸ்பிட்டாலிலை படுத்தவர் எழும்பேல்லை. மெசினை இனி இருதயம் தாங்காது, நிப்பாட்டுறம் எண்டு டொக்டர் சொன்னார். டொக்டர் வெளியிலை போன பிறகு நேர்ஸ் என்ரை தோளிலை கையை வைச்சு, ஜேர்மன் மொழியிலை மெதுவாய்ச் சொன்னாள்:

"இனி அவர் விரும்பின அளவு தண்ணி குடிக்கலாம்."

மடைச்சி நான், அந்த ஒரு கணம் சந்தோசப்பட்டன். ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணி ஒரு கிளாஸ் நிறையப் பிடிச்சுக்கொண்டு வந்தன். கட்டிலடிக்கு வரத்தான் அவள் என்ன சொன்னவள் எண்டு எனக்கு விளங்கினது.

தலையை நிமித்திப் பிடிச்சுப் பருக்கினன். ஒரு மிடறு. சொண்டை மூடிப்போட்டார்.

"காணும், போதும்."

"இன்னும் கொஞ்சம் குடியுங்கோவன். இனி ஆரும் ஒண்டும் சொல்லாயினம்."

"காணும்" எண்டார் திரும்பவும். கிளாஸைப் பாத்தார். "மிச்சத்தைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊத்திப்போடாதையும். இப்பத்தான் தப்பினது."

அந்தத் தண்ணியை நான் எங்கையும் ஊத்தேல்லை. அவரின்ரை கட்டிலடியிலை நிண்டு, அவர் பாத்துக்கொண்டிருக்க, நானே முழுக்கக் குடிச்சன்.