ஊக்கு கவ்விய வாய்

உதடுகளுக்கு நடுவே நாலு ஊக்கை வரிசையாகக் கவ்விக்கொண்டு, கண்ணாலேயே "திரும்பு" என்கிறாள் காந்திமதி. எதிரே நிற்கும் சிறுமி திரும்புகிறாள். விசிறி மடிப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, ஒட்டியாணத்துக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் ஒன்று. வாய் காலியானால் டப்பாவிலிருந்து அடுத்த நாலு. மேடைக்குப் பின்னால் அவளிடம் யார் என்ன கேட்டாலும் 'ம்' அல்லது 'ம்ஹும்' இரண்டில் ஒன்றுதான் பதில். இதனால் கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். உண்மையில் அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி திண்டிவனத்தில் கிடையாது. சந்துக்குள் போலீஸ் ஜீப் திரும்பினாலே, தப்பு ஒன்றும் செய்யாமலே, கடையின் உள்பக்கம் போய் நின்றுகொள்வாள். பயம் வந்துவிட்டால் வேலை இல்லாதபோதும் வாயில் ஊக்கு ஏறிவிடும்.

கடை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில். பரதநாட்டிய உடுப்பு, நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சலங்கை எல்லாம் வாடகைக்குத் தருகிறாள். பள்ளி ஆண்டு விழா வந்துவிட்டால் டாக்டர் கோட்டும் மயில் இறக்கையும் வெளியே வரும். விழுப்புரம், கோலியனூர், மேல்மலையனூர் என்று எங்கே குழந்தைகள் ஆடினாலும், கணவர் சீனுவாசனின் லோடு ஆட்டோவில் தகரப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. உடுப்பு மண்டபத்தை விட்டு வெளியே போகக்கூடாது. குழந்தை அவள் முன்னால்தான் அதைக் கழற்றித் தர வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் ஆண் யாரும் வரக்கூடாது. பெற்ற அப்பாவானாலும், ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரானாலும். அறை வாசலில் தகரப் பெட்டியைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். "ஒரு ஜிமிக்கி காணாம போனா நீயா குடுப்ப? அப்புறம் ஒரே பேஜாரு" என்பாள். கஞ்சப் பிசினாரி என்று அம்மாக்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் அது கஞ்சத்தனமேதான், மறைக்க ஒன்றும் இல்லை.

போன வருடம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆனந்தராஜ் மாஸ்டரின் நடனப் பள்ளி ஆண்டு விழா. மாஸ்டர் என்றால் திண்டிவனத்தில் பெரிய மரியாதை. குழந்தைகள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். கும்பிடத் தயங்கும் குழந்தையை அம்மாக்களே தலையைப் பிடித்துக் குனிய வைப்பார்கள். காந்திமதியின் கடையில் பாதி உடுப்பு அவர் பள்ளிக்காகத் தைத்ததுதான்.

அன்று சங்கவியின் முறை வந்தது. ஆறாம் வகுப்பு. அப்பா லாரி ஓட்டுகிறவர், அம்மா கலையரசி துணிக்கடையில் வேலை. சட்டையின் பின்பக்கக் கொக்கிகளை மாட்டி முடித்ததும் அந்தப் பெண் நகராமல் நின்றாள்.

"ஆன்ட்டி, கொக்கி மேலயே நூல் போட்டுத் தெச்சிடுங்க."

சட்டை தொளதொளவென்று இருந்தால்தான் அப்படித் தைப்பது வழக்கம். காந்திமதி இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். உடம்போடு அளவாகத்தான் இருந்தது. "ம்ஹும்" என்றாள்.

"கெட்டியா தெச்சிடுங்க ஆன்ட்டி. வேற யாரும் கழட்ட முடியாத மாதிரி. ஆடி முடிச்சதும் நீங்களே பிரிச்சு வுடுங்க."

ஏன் என்று காந்திமதி கேட்கவில்லை, கேட்கப் பயம். கெட்டி நூலாக எடுத்து மேலிருந்து கீழ் வரை தைத்துவிட்டாள்.

விழா முடிந்ததும் மாஸ்டர் வந்தார், சாவியைச் சுழற்றிக்கொண்டு. சங்கவியை ஸ்டூடியோவில் தனிப் படம் எடுக்க வேண்டும், காரில் தானே கொண்டுபோய் வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். நன்றாக ஆடும் பிள்ளைக்குத்தானே தனிப் படம் என்று கலையரசிக்குப் பெருமை பிடிபடவில்லை. "போய்ட்டு வாடி" என்றாள். சங்கவி அம்மாவைப் பார்க்கவே இல்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த காந்திமதியைப் பார்த்தாள்.

"டிரஸ் வெளிய போவாது மாஸ்டர்" என்றாள் காந்திமதி, ஊக்கு கவ்விய வாயோடு. நாளைக்கு அனுப்பிவிடுவதாக மாஸ்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உன் கடைக்கு இத்தனை வருடம் வேலை கொடுத்தவன் யார் என்று கேட்டார். காந்திமதி தலையை நிமிர்த்தவில்லை. சங்கவியைப் பெட்டிமேல் தன் பக்கத்தில் உட்கார வைத்து, கத்தரிக்கோல் மடியில் இருக்கும்போதே, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அவ்வளவு மெதுவாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கால் மாற்றி நின்றார், கடைசியில் போய்விட்டார்.

"தனி கிளாஸ்னு சொல்லிட்டு கதவைச் சாத்திடுவாரு ஆன்ட்டி. அம்மாகிட்ட சொன்னா, மாஸ்டரப் போயி அப்படிப் பேசுவியான்னு அடிக்குது" என்றாள் சங்கவி.

அன்று ராத்திரியே காந்திமதி சீனுவாசனிடம் சொன்னாள். கேஸு கீஸு என்று நாம் ஏன் மாட்ட வேண்டும் என்றார் அவர். கலையரசியைத் தேடிப்போய்ச் சொன்னாள். மாஸ்டர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி, வாயை அடக்கிப் பேசு என்று கதவைச் சாத்தினாள் கலையரசி. பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 காந்திமதிக்கு மனப்பாடம். எண்ணை அழுத்துவாள், மணி அடித்ததும் துண்டித்துவிடுவாள். ஒருநாள் துண்டிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் பேசிவிட்டார். "சரியா கேக்கலம்மா, வாயில ஏதாவது வச்சிக்கினு இருக்கீங்களா?" என்று அவர் கேட்ட பிறகும், காந்திமதி ஊக்கோடுதான் பேசினாள். குழந்தையின் பெயர், பள்ளி, அந்தக் கதவு, அந்தத் தையல், எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெயரைக் கேட்டபோது மட்டும் "ம்ஹும்". சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னாலும் ரகசியமாக வைப்போம் என்றார்கள். அவள் நம்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பெண் அலுவலர்கள் போய்ச் சங்கவியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த குழந்தை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வழக்கு, கைது, கொஞ்ச நாளில் ஜாமீன். நடனப் பள்ளியின் பலகையில் இப்போது மாஸ்டரின் மனைவி பெயர். குழந்தைகள் குறையவில்லை.

"யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவ போன் போட்டிருக்கா. அவ நல்லா இருப்பாளா?" என்று அம்மாக்கள் இந்தக் கடையிலேயே நின்று பேசுகிறார்கள். காந்திமதி ஊக்கைக் கவ்விக்கொண்டு மடிப்பு எடுக்கிறாள். ஒருநாள் கலையரசி வந்தாள். ஒரு பை மல்லாட்டைக் கடலையை மேசையில் வைத்துவிட்டு, அழுத கண்ணோடு போய்விட்டாள். காந்திமதிக்குச் சந்தோஷத்தைவிடத் திகில்தான் அதிகம். இவளுக்குத் தெரிந்துவிட்டதென்றால் வேறு யாருக்கெல்லாம் தெரியும்?

தெரிய வேண்டியவருக்குத் தெரிந்திருந்தது. போன மாதம் ஆனந்தராஜ் கடைக்குள் வந்தார். தொங்கும் சலங்கை ஒன்றை விரலால் தட்டி, அதன் சத்தம் அடங்கும் வரை நின்றார்.

"வியாபாரம் நல்லா போவுதாம்மா? பொண்ணு வெண்ணிலா காலேஜுக்கு எந்த பஸ்ல போய்க்கினு இருக்குது?"

அன்றிலிருந்து மகள் வரும் நேரத்துக்குக் காந்திமதி பஸ் நிலையத்தில் நிற்கிறாள். கடை வாசலில் பைக் வேகம் குறைந்தாலே வாயில் ஊக்கு ஏறிவிடுகிறது. ஆனாலும் இந்தப் பயந்தாங்கொள்ளி ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். ஒத்திகை நடக்கும் அறையில் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடுப்பு கிடையாது. ஜரிகை கிழிந்தால் சாட்சி வேண்டாமா என்று காரணம் சொல்கிறாள். கோலியனூர் டீச்சர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வாசல் திரையைக் கழற்றிவிட்டார். தைத்து விடச் சொல்லும் குழந்தை எதுவானாலும் காந்திமதியின் இரண்டு விரல் முதலில் சட்டைக்குள் போய் அளவு பார்க்கும். சட்டை தொளதொளவென்று இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

போன வாரம் மதியம் சாதாரணப் புடவையில் ஒரு பெண் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. என்று அவர் சொன்னதும் டப்பாவிலிருந்து நாலு ஊக்கு வாய்க்குப் போனது.

கோர்ட்டில் விசாரணை தொடங்கப் போகிறதாம். முன்வரிசையில் ஆடவிடாத கோபத்தில் அம்மா சொல்லிக்கொடுத்த கதை இது என்று மாஸ்டர் தரப்பு சொல்கிறதாம். தையல் விஷயத்தைச் சங்கவிதான் எஸ்.ஐ.யிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குச் சாட்சியாக இருக்கும் ஆள் காந்திமதி ஒருத்திதான்.

"இதுவரைக்கும் உங்க பேரு எதுலயும் இல்லைங்க. வேணான்னா இப்பவே எழுந்து போயிடுறேன். சாட்சி சொல்ல வந்தீங்கன்னா, அந்த ஆளும் அதே கோர்ட்டுலதான் இருப்பாரு. அதையும் சொல்லிடணும் இல்ல?" என்றார் எஸ்.ஐ.

எதிர் டீக்கடையில், கையில் கிளாஸோடு ஆனந்தராஜ் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். காந்திமதியும் பார்த்துவிட்டாள். வெண்ணிலாவின் பஸ் வரும் நேரம். வாயிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து முந்தானையில் குத்தினாள். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. நாலாவதையும் எடுத்துக் குத்திவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.