மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில்

தொண்ணூற்றிரண்டில், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், ஆசுபத்திரி மருந்து வரிசையில் நின்றபோதுதான் குணலட்சுமி அந்தப் பெயரை முதலில் கேட்டாள். இன்சுலின் முடிந்தது, கப்பல் எப்போது வருமோ தெரியாது என்று யன்னலைச் சாத்திவிட்டார்கள். பத்து வயது மகள் செல்வநாயகிக்கு வீட்டில் இருந்தது நாலு நாள் மருந்து. பின்னால் நின்றவள் சொன்னாள்: "உடுவில் அருமைநாயகியக்காட்டைப் போ. சலரோகக்காரருக்குச் சங்கம் வைச்சிருக்கிறா."

அருமைநாயகி பண்டத்தரிப்பு நாகலிங்கத்தாரின் மூத்த பெண். குணலட்சுமியின் மச்சாளுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா முறை. அவருக்கும் சலரோகந்தான். சீனியில்லாத தேத்தண்ணியோடு, தாள் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடித்த பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"முன்பக்கத்திலை எத்தினை பேர் செத்தது எண்டு கிடக்கும். பின்பக்கத்திலைதான் ஆர் எண்டு கிடக்கும். சனம் அதைத்தானே பிள்ளை முதல் பாக்கும்."

சங்கத்தின் வேண்டுகோள் நடுப்பக்கத்தில் இரண்டு தரம் வந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அதனால் இம்முறை பிள்ளையின் அப்பப்பா, அம்மம்மா, மாமன் மாமி எல்லாரையும் கேட்டு எழுதிக்கொண்டு பத்திரிகை ஆசிரியர் சண்முகநாதனிடம் சைக்கிளில் போனார். மரண அறிவித்தல்களுக்கு நடுவே உயிருள்ள பிள்ளையைப் போடுவதா என்று ஆசிரியர் தயங்கினார்.

"செத்தாப்பிறகு குடுக்கிற இடத்தை இப்பவே தாங்கோ, தம்பி."

மறுநாள் வந்தது. இன்னாரின் மகளும், இன்னாரின் பேத்தியும், இன்னாரின் மருமகளுமான செல்வநாயகி உயிரோடு இருக்கிறாள். இன்சுலின் கிடைக்காவிட்டால் இருக்கமாட்டாள். சனம் பெயரையும் முறையையும் மட்டும் பார்த்தது. பத்து மணிக்குள் வெள்ளை வேட்டிகள் குணலட்சுமியின் வீட்டுப் படலையில் நின்றன. ஒப்பாரியோடு வந்த கிழவிக்குப் படலையைத் திறந்துவிட்டதே செல்வநாயகிதான்.

"என்ரை பிள்ளையைச் சாகக் குடுத்திட்டியளே," என்று குணலட்சுமி, காலையிலேயே வந்திருந்த அருமைநாயகியின் மேல் பாய்ந்தாள்.

அவர் வந்தவர்களுக்குப் பாய் விரிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "உங்களிலை ஆரின்ரை வீட்டிலை சலரோகக்காரர் செத்தவை?"

மருதனார்மடம் பராசக்தி மெல்ல எழும்பினாள். புருஷன் போய் ஒரு மாதம். எறிய மனம் வராமல், கிணற்றடியில் ஈரமணல் பானைக்குள் அவருடைய இன்சுலின் மூன்று குப்பி வைத்திருந்தாள். கட்டிய வெள்ளைச் சேலையோடே போய் எடுத்துவந்தாள். வாங்கியபோது குணலட்சுமியின் கைக்குக் குப்பி சில்லென்றிருந்தது. இரண்டு மாதத்துக்குப் போதும்.

அந்தப் பின்பக்க மூலை அன்றிலிருந்து சங்கத்துக்குத்தான். இன்றைக்கும் அருமைநாயகி பத்திரிகை அலுவலக வாசல் வாங்குப் பலகையில் இருக்கிறார். மடியில் கொப்பி. அதில் குருநகர் சிமியோனின் மனைவி, இன்சுலினுக்கு வழியில்லாத மக்டலீனின் சொந்தங்கள், பதினேழு பெயர்.