கைக்குப் பெருத்த துவக்கு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பிக்கு அப்பால் இருந்த சுடுபயிற்சிக் கழகத்தில் நான் முதலில் கண்டது, என் வலது பெருவிரலின் அடியில் உரிந்து தொங்கிய தோலை. பிறகுதான் இலக்கு அட்டையைப் பார்த்தேன். சுட்ட ஆறு குண்டுகளில் இரண்டு மட்டுமே பட்டிருந்தன.

துவக்கு புதிது. அதுவரை கழகத்தின் சிறிய ரிவோல்வரில் பழகியிருந்தேன். பல மாதங்கள் படிவம் நிரப்பி, பொலிஸ் அனுமதி பெற்று, முதன்முதலாகச் சொந்தமாக வாங்கியது ஒரு .44 மக்னம், பெரிய ரிவோல்வர். கடையில் அதன் தடித்த மரக் கைப்பிடி அழகாகத் தெரிந்தது. என் கை சிறியது என்பதை அங்கே யோசிக்கவில்லை.

முதல் நாளே அது உள்ளங்கைக்குள் புரண்டது. வழுக்குகிறது என்று முடிவுகட்டினேன். யாழ்ப்பாணத்தில் மண்வெட்டிப் பிடி வழுக்கினால் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவோம். அதையே செய்தேன். கைப்பிடி இன்னும் பருத்தது. விசையை எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். சுட்டபோது பின்னுதைப்பு முழுவதும் பெருவிரல் மூட்டில் இறங்கியது.

அந்தச் சனிக்கிழமை கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி துவக்கை வெறுமையாக்கச் சொல்லிவிட்டு, ரியூப்பைச் சற்றுநேரம் பார்த்தார். என் தற்காலிக அங்கத்துவம் அடுத்த சனியுடன் முடிகிறது என்று நினைவூட்டினார். அன்று ஆறு குண்டுகளும் கறுப்பு வட்டத்துக்குள் விழவேண்டும். தவறினால் அங்கத்துவம் இல்லை. அது இல்லாமல் துவக்கை வைத்திருக்கவும் முடியாது.

ஸ்காபரோ வீட்டில் துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கழற்றிய கைப்பிடியின் இரண்டு பாதிகளும் ரியூப்பும் மேசையில் கிடந்தன. உடுப்புத் திருத்தும் கடையில் வேலைசெய்த என் மனைவி அவற்றைப் பார்த்தாள்.

“உதென்ன, சைக்கிள் திருத்துறியளோ?”

“வழுக்குது. இன்னொரு சுத்துச் சுத்தினால் சரிவரும்.”

“வெடி விடாதேங்கோ. காற்சட்டை பெருத்தால் அதுக்கு மேல துணி சுத்துவினமோ? உள்ளுக்குப் பிடிச்செல்லோ தைக்கிறது.”

எங்கள் பேச்சில் வெடி விடுவது என்றால் புளுகுவது. அவள் சிரிக்கவில்லை. கைப்பிடிப் பாதிகளுக்கு நடுவே, துவக்கின் உடலுக்குப் பதிலாக மட்டைத்துண்டு வைத்து, என்னைப் பிடிக்கச் சொன்னாள். விரல்கள் முடிந்த இடத்தைத் தையல் சோக்கால் கோடிட்டாள்.

“இந்த இடத்தில தேயுங்கோ. கொஞ்சம் கொஞ்சமா. கூட வெட்டினால் பிறகு ஒட்டேலாது.”

நான்கு மாலைகள் அரத்தாளால் தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்து, “இன்னும்” என்றாள். வியாழக்கிழமை நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை கழகத்தில் பெருவிரலில் கட்டுடன் நின்றேன். விரல்நுனி விசையில் தானாகப் படிந்தது. உதைப்பு முழங்கைவரை நேராக வந்து அடங்கியது. அதிகாரி அட்டையைக் கொண்டுவந்து துளைகளைப் பேனாவால் தொட்டு எண்ணினார். ஆறும் உள்ளே. அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “ஓம், இனி விரலை ஒழுங்கா வைச்சிருங்கோ” என்றாள்.

அந்தக் கைப்பிடியை நான் இன்றுவரை மாற்றவில்லை. அந்தத் துவக்கின் சத்தத்தை அவள் ஒருமுறையும் கேட்டதில்லை.